ஆவுடையார்கோவிலுக்கு ஒரு ஊர் வரலாறு வேணும்

ஆவுடையார்கோவில் பற்றித் தமிழில் கிடைப்பதையெல்லாம் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்து வருகிறேன். தொழில் மென்பொருள், இது ராத்திரி வேலை. படித்த வரைக்கும் ஒரு புகார் இருக்கிறது. எல்லாமே கோவில் வரலாறு. ஊர் வரலாறு எங்கே?

எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அதே வரிசைதான். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும். யோகாம்பாளுக்கு உருவம் இல்லை, பாதம் மட்டும். கொடிமரம் கிடையாது. புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்ட, எழும் ஆவிதான் நைவேத்தியம். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்த கொடுங்கை. மாணிக்கவாசகர், குதிரை, நரி. எல்லாம் சொல்ல வேண்டியவைதான். ஆனால் அந்தச் சோற்றுக்கு நெல் எந்த வயலிலிருந்து வந்தது, யார் விதைத்தார்கள், எந்த ஏரித் தண்ணீர், குத்தகை எவ்வளவு? யாரும் கேட்பதில்லை.

ஜெர்மன் பேசும் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் சில நூறு பேரே வாழும் ஊருக்குக்கூட ஊர்க்கதைப் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ பாதிரியாரோ எழுதியது. தேவாலயப் பதிவேட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் இருப்பதால் வீடு வீடாகக் கதை சொல்ல முடிகிறது. நம்மிடம் அந்த ஏடு இல்லைதான். அதற்காக ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. நில அளவைப் பதிவேடு, இனாம் பதிவு, பத்திரப் பதிவு, கோவிலை நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனத்தின் கணக்கு என்று தேட இடம் உண்டு.

இந்த ஊர் விடுபட்டதற்கு இன்னொரு காரணம் எல்லைக்கோடு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. பிறகு கே. ஆர். வெங்கடராமய்யரின் பெரிய கையேடும் வந்தது. தமிழ்நாட்டில் வேறெந்தப் பகுதிக்கும் எளிதில் கிடைக்காத வேலை அது. ஆனால் அறந்தாங்கிப் பக்கம் அப்போது பிரிட்டிஷ் தஞ்சாவூர் மாவட்டம். தஞ்சாவூர் பற்றி எழுதினவர்களுக்கோ காவிரி டெல்டாதான் மையம், இது தெற்கு மூலை. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது ஊர் இந்தப் பக்கம் வந்தது, அதற்குள் புத்தகங்கள் எழுதி முடிந்துவிட்டன. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு டேபிளிலும் சேராமல் போன ரெக்கார்டு.

1870-களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கோவில் நிர்வாகத்திலிருந்த சுப்பிரமணியத் தம்பிரான் கேட்டுக்கொண்டதால் திருப்பெருந்துறைப் புராணம் பாடினார். கூடவே வந்த மாணவர் உ.வே.சா., பல வருஷம் கழித்து ‘என் சரித்திர’த்தில் அந்த நாட்களை எழுதினார். புராணம் பெரும் புலவரின் செய்யுள், அதன் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போவது மாணவரின் உரைநடைக்குத்தான். அதில் புராணம் கேட்கக் கூடிய சபை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, அவரைப் படுக்கப் போட்ட காய்ச்சலும் இருக்கிறது. ஊர் வரலாறு எழுத உட்காராதவர் போகிற போக்கில் எழுதினது, தலபுராணத்தைவிட அதிகமாக ஊரைக் காட்டுகிறது.

இன்றைய எழுத்தாளர்கள் இந்த இரண்டில் புராணத்தின் வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள், அந்தச் செய்யுள் வளம் இல்லாமல். மாணிக்கவாசகர் காலம் எது என்று சண்டை போடுபவர்கள்கூட ஊருக்குள் இறங்குவதில்லை. திருவாசகத்தை போப் 1900-இல் ஆங்கிலத்திலும், ஷோமரஸ் 1923-இல் ஜெர்மனிலும் கொடுத்துவிட்டார்கள். அந்த மலைக்கிராமத்து வாசகர் ஒருவர் பெருந்துறையின் சிவனைத் தன் மொழியிலேயே அறியலாம். பெருந்துறையின் ஜனங்களை அறிய அவருக்கும் வழியில்லை, நமக்கும் இல்லை.

அந்தப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இன்னொரு கொடுங்கைப் படம் வேண்டாம், ஏராளமாக இருக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரம், குத்தகைச் சீட்டு, நோட்டுப் புத்தகம் எதுவானாலும் தூசி தட்டிப் போட்டோ எடுத்து வையுங்கள். செல்லரிக்கிறதுக்கு முன்னாடி.