சுழி பார்க்கிற கண்

போன மே மாத விடுமுறையில், பவானிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்று நாள் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. நான் போனது ஒரே ஒரு பையனைப் பார்க்க. அந்தியூரில் எங்கள் தெருக்காரன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். ஆறடி இரண்டு அங்குலம். அவன் அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். “உங்களுக்குத்தான் இந்த ஆட்டமெல்லாம் தெரியுமே தம்பி, கூடப் போய்ப் பாத்துட்டு வந்து எப்படி ஆடறான்னு சொல்லுங்க” என்று கேட்டிருந்தார்.

முதல் நாள் பையன் 24 புள்ளிகள் எடுத்தான். நான் போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன்: எத்தனை ரீபவுண்ட், எத்தனை ப்ரீ த்ரோ, எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தான். எனக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேர். கழுத்தில் விசில் தொங்கியது. அவர்கள் ஸ்கோரைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

“கை நல்ல நீளமுங்க.”

“அவங்கப்பன் என்ன ஒசரம்னு விசாரிச்சீங்களா?”

“பாதத்தப் பாருங்க. இன்னும் ரெண்டு மூணு இஞ்சு வளருவான்.”

இந்தப் பேச்சை நான் இதற்கு முன் கேட்டிருக்கிறேன். அந்தியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆடி மாதம் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்பார்கள். சின்ன வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். வாங்க வந்தவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். பிறகு சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் தடவுவார். பிறகு தாய் எது, தகப்பன் எது என்பார். கடைசியாகத் துண்டைப் போட்டு மூடி, தரகரோடு விரல் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கும் யாருக்கும் தொகை தெரியாது. மாட்டுக்கும் தெரியாது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து ‘ஹூப் டிரீம்ஸ்’ படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய ஆவணப்படம். 1994இல் வெளிவந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிகாகோவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பையன்கள், வில்லியம் கேட்ஸும் ஆர்தர் ஏகியும். இருவரையும் புறநகரில் இருக்கும் செயின்ட் ஜோசப் என்ற தனியார் பள்ளி கூடைப்பந்துக்காகச் சேர்த்துக்கொள்கிறது. அரை மணி நேரக் குறும்படமாக எடுக்க நினைத்துத் தொடங்கியவர்கள், ஐந்து வருடம் அந்தப் பையன்களோடு இருந்தார்கள்.

முதல் இரண்டு முறையும் இதை ஒரு விளையாட்டுப் படமாகத்தான் பார்த்தேன். இந்த முறை வேறு ஒன்று தெரிந்தது. படம் முழுக்க யாராவது ஒருவர் அந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கேள்வியே அதுதான்: யார், எதற்காக, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள்?

ஆர்தரை முதலில் கண்டுபிடிப்பவர் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர். தெரு மைதானங்களில் சுற்றி, திறமையான பையன்களைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய இன்னொரு வேலை. நம் ஊர்ச் சொல்லில் தரகர். கெட்டவர் இல்லை. பையனுக்கு நல்லது நடக்கட்டும் என்று உண்மையாகவே நினைக்கிறார். பிறகு பயிற்சியாளர் பார்க்கிறார். பிறகு பல்கலைக்கழகக்காரர்கள். கோடையில் நைக்கி நிறுவனம் நடத்தும் முகாமுக்கு வில்லியம் போகிறான். நாட்டின் பெரிய பயிற்சியாளர்களெல்லாம் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பேச வந்த இயக்குநர் ஸ்பைக் லீ பையன்களிடம் பூசி மெழுகாமல் சொல்கிறார்: உங்களை இங்கே கூப்பிட்டது உங்கள் மேல் இருக்கும் அக்கறையால் அல்ல, நீங்கள் ஜெயித்தால் அவர்களுக்குப் பணம் வரும் என்பதால். பையன்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு எழுந்து போய் ஆடுகிறார்கள். வேறு என்ன செய்வார்கள்?

ஆர்தர் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. ஆட்டமும் சூடு பிடிக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது பாதி உதவித்தொகைதான். மீதியைக் குடும்பம் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. இரண்டாம் வருடத்தின் நடுவில் பள்ளி அவனை வெளியே அனுப்புகிறது. அரசுப் பள்ளிக்குத் திரும்புகிறான். பாக்கியைத் தீர்க்கும் வரை பழைய மதிப்பெண் சான்றும் கிடைக்காது. வில்லியமின் கட்டணத்துக்கு மட்டும் புரவலர் இருக்கிறார். ஒரே திண்ணையில் கட்டிய இரண்டு கன்றுகள், ஒன்றுக்கு மட்டும் சுழி சரியாக இருந்தது.

இந்த இடத்தில் செயின்ட் ஜோசப்பின் கண் ஆர்தரை விட்டு விலகிவிடுகிறது. கேமரா விலகவில்லை. இந்தப் படத்தின் பெருமை முழுக்க இந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. படக்குழுவும் அந்தப் பையன்களைத் திறமைக்காகத்தான் தேர்ந்தெடுத்தது. அவர்களும் ஒருவகையில் வாங்க வந்தவர்கள்தான். ஆனால் சரக்கு தேறாது என்று சந்தை சொன்ன பிறகும் அவன் வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்கள் நமக்குத் தெரிகின்றன. அதனால்தான் ஆர்தரின் அம்மா ஷீலா செவிலியர் உதவியாளர் படிப்பில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியது தெரிந்தவுடன் அழுவதைப் பார்க்கிறோம். சின்ன அறை, சில நாற்காலிகள், கொஞ்சம் பேர். படத்தின் பெரிய வெற்றி அதுதான். அதில் பந்து இல்லை. மகனின் 18ஆவது பிறந்தநாளுக்குக் கேக் செய்தபடி, இவன் பதினெட்டு வயது வரை உயிரோடு இருக்கிறானே, அதுவே பெரிசு என்கிற மாதிரி அவர் சொல்லும் இடத்தை எந்தத் தேர்வாளரும் குறிப்பேட்டில் எழுதியிருக்க மாட்டார்.

குறை இல்லாத படம் இல்லை. ஆட்டங்கள் வரும்போது இயக்குநரும் சராசரி விளையாட்டுப் படக்காரர் ஆகிவிடுகிறார். முழங்கால் அறுவைக்குப் பிறகு திரும்பி வந்த வில்லியம், ஒரு முக்கியமான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறான். காட்சி நீட்டப்படுகிறது. நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தவறவிடுகிறான். ச்சே என்று எனக்கு வாயில் வந்தது. யாருக்காக அந்தச் ச்சே? அவனுக்காகவா, நான் போட்ட முதலுக்காகவா? படம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நம்மையும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் நம் படங்களோடு வைத்துப் பார்க்கும்போது இது சின்னக் குறை.

சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014) இந்தக் கண்ணைப் பற்றி நேரடியாகப் பேசிய தமிழ்ப் படம். கிரிக்கெட் தேர்வில் ஒருவர் பையனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி முதுகைத் தடவிப் பார்ப்பார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்கிறார். இதைவிடத் துல்லியமாகச் சுழி பார்ப்பதைக் காட்டிய காட்சி நம் சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை. ஜீவாவின் நண்பன் ரஞ்சித் அந்தத் தேர்விலிருந்து மீளாமல் செத்துப்போகிறான். இவ்வளவு தூரம் வந்த படம் அதன் பிறகு என்ன செய்கிறது? ஜீவாவை ஐபிஎல்லுக்கு அனுப்பி வைக்கிறது. கெட்ட வியாபாரிக்குப் பதில் நல்ல வியாபாரி. சந்தை அப்படியே இருக்கிறது. ரஞ்சித்தின் வீட்டுக்குக் கேமரா திரும்பப் போயிருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

நான் ஏலத்தைக் கேலி செய்யவில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்தப் பக்கத்தில் பையனை மைதானத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு அப்பாவின் வாயிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடங்கள். அரசு வேலையில் 3 சதவீதம். ரயில்வே, வங்கி அணிகள். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் கனவு இல்லை, கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்க மாதச் சம்பளக்காரனான எனக்கு உரிமை இல்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது என்றால், நாம் சொல்லும் கதை எப்போதும் வாங்கப்பட்ட நொடியில் முடிந்துவிடுகிறது. சத்னம் சிங் பமாரா நல்ல உதாரணம். பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னக் கிராமம். ஏழடி இரண்டு அங்குலம். அப்பாவும் ஏழடி உயரம், விவசாயி. லூதியானா அகாடமியில் ஆடிய பையனை 2010இல், 14 வயதில், அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஐஎம்ஜி அகாடமிக்கு உதவித்தொகையில் கூட்டிப்போனார்கள். 2015 ஜூனில் என்பிஏ டிராஃப்டில் 52ஆவது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அவனை எடுத்தது. இந்தியாவிலிருந்து போய் அப்படி எடுக்கப்பட்ட முதல் ஆள். அடுத்த வருடமே ‘ஒன் இன் எ பில்லியன்’ என்று ஆவணப்படம் வந்துவிட்டது. தலைப்பைப் பாருங்கள். நூறு கோடியில் ஒருவன். தலைப்பே தரகர் குரலில் இருக்கிறது. கிராமம், உயரமான அப்பா, மொழி தெரியாத ஊர், உழைப்பு, கடைசியில் டிராஃப்ட் இரவு. பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு? என்பிஏவின் ஒரு ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. கீழ்நிலை லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். இந்தியா திரும்பினார். 2019இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, இரண்டு வருடத் தடை பெற்றார். இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடையில் நிற்கிறார். இதைத் தோல்வி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தன் உடம்பை வைத்துத் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் 14 வயதுப் பையனுக்கு ஊர், மொழி, படிப்பு எல்லாவற்றையும் மாற்றிய ஒரு முடிவின் விலை என்ன என்பது இந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது. துண்டுக்குள் விரல் பிடித்துச் சொன்ன தொகை வெளியே தெரிவது அப்போதுதான். அங்கே கேமரா இல்லை.

‘லப்பர் பந்து’ (2024) எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. தமிழரசன் பச்சமுத்துவின் அந்தப் படத்தில் தேர்வாளரே கிடையாது. கெத்து என்கிற பூமாலைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போகிறார். அன்புவைச் சாதி பார்த்து உள்ளூர் அணியே சேர்த்துக்கொள்ளாது. இவர்களை யாரும் எங்கேயும் கூட்டிப்போகப் போவதில்லை. அதனாலேயே ஒவ்வொரு பந்தும் பந்தாகவே இருக்கிறது. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க நம் சினிமா கற்றுக்கொண்ட அபூர்வமான இடம் அது.

இரண்டாம் நாள் மாலை, விசில்காரர்களில் ஒருவர் பையனின் அப்பாவுக்கு போன் போட்டார். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஹாஸ்டல் இலவசம். ஷூ தருவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். நான் ‘ஹூப் டிரீம்ஸ்’ பார்த்த திமிரில் கேட்டேன்: “முழங்கால் கீது போச்சுன்னா என்ன பண்ணுவீங்க சார்? சீட்டு இருக்குமா? எழுதிக் குடுப்பீங்களா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “அதெல்லாம் எழுதிக் குடுக்கறதில்லீங்க. பையன் நல்லா ஆடட்டும், நாங்க பாத்துக்கறோம்.”

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அலுவலகத்தில் மாதம் நாலைந்து பேரை நேர்முகத் தேர்வு செய்கிறேன். ஒரு ஆளுக்கு 45 நிமிடம். என்ன காலேஜ், என்ன பர்சென்டேஜ், எத்தனை அரியர். இவர் தேறுவார், இவர் தேற மாட்டார் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறேன். தேறாதவர்களில் ஒருவர் முகம்கூட நினைவில்லை. மைதானத்தில் நான் போனில் குறித்துவைத்த எண்களுக்கும் அந்த இருவரின் பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் பாதத்தின் அளவைப் பார்த்தார்கள், நான் ரீபவுண்ட் எண்ணினேன்.

மூன்றாம் நாள் அரையிறுதி. பையனுக்கு எதுவுமே விழவில்லை. முதல் பாதியில் 4 புள்ளி. மூன்றாவது குவார்ட்டரில் நாலாவது ஃபவுல் வாங்கி பெஞ்சுக்குப் போனான். முன்வரிசையில் இருவரும் எழுந்து, அடுத்த மைதானத்தில் நடந்த இன்னொரு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். கடைசி குவார்ட்டரில் திரும்ப இறங்கியவன் கூடையைப் பார்க்கவே இல்லை. குட்டையான ஒரு பையனுக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அந்தக் குட்டைப் பையன் மூன்று முறை போட்டான். ஆறு புள்ளியில் தோற்றார்கள்.

அந்தியூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்காலில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான்.

“சித்தப்பா, அவங்க மூணாவது குவார்ட்டர்லயே போய்ட்டாங்கல்ல?”

“நான் கவனிக்கலடா.”

“நான் பாத்தேன். பெஞ்சுல இருந்தேன்ல.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அவங்க போனதுக்கப்புறந்தான் கை லேசாச்சு.”

ஜூனில் அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். சேரச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அடுத்த போட்டி காலாண்டு விடுமுறையில் என்று அவன் அப்பா சொன்னார். லீவு சொல்லியிருக்கிறேன். இந்த முறை எதையும் குறித்துக்கொள்ளாமல், ஆட்டம் முடிந்து அவன் குளித்து வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.