தெருவை விட்டுவிட்டு வந்த வீடுகள்

முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைப் பற்றி ஏதாவது குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும். இடிபட்டு விறகுக்கடைக்குப் போயிருக்க வேண்டிய வீடுகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அதற்குமேல் என்ன வேண்டும் என்பார்கள். இந்தப் பதில் இன்று பலருக்கும் வசதியாகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி கட்டுகிறவர்களும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தூணும் நிலைக்கதவும் விலைபேசி வாங்கிப் போகிறவர்களும் தாங்கள் மரபைக் காப்பதாகவே சொல்கிறார்கள். அவர்களை விட்டுவிடலாம்; அவர்களுக்குத் தேவை அலங்காரம். அருங்காட்சியகம் அப்படியல்ல. தென்னாட்டு மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுவதாக அது சொல்கிறது. அதனால் அதனிடம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை, 1996-இல் இந்த வளாகத்தைத் திறந்தது. கட்டடக்கலைஞர்களான லாரி பேக்கரின் திட்டமும் பென்னி குரியகோஸின் உழைப்பும் இல்லாவிட்டால் அந்த மணல்வெளி இவ்வளவு நிழலான இடமாக ஆகியிருக்காது. பத்து ஏக்கரில் நான்கு மாநிலத்து வீடுகள், கூடவே கைவினைஞர்களுக்கு வேலை, பள்ளிப்பிள்ளைகளுக்கு உரலையும் அம்மியையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு. செட்டிநாட்டு வீட்டின் தூண்கள் அறுபட்டு மேசைகளாகாமல் தூண்களாகவே நிற்பது சிறிய காரியமில்லை. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு வேறு இடத்தில், இந்த முறையின் வேரில் இருக்கிறது. வீட்டைக் கழற்றி வேறிடத்தில் கட்டிக் காட்டும் வழக்கத்துக்கு முன்மாதிரி ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹேசலியஸ் 1891-இல் திறந்த ஸ்கான்சென். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் மோரா என்னும் ஊரிலிருந்து ஒரு மரவீட்டை வாங்கியிருந்தார். வடக்கு ஐரோப்பாவில் பண்ணைவீடு பெரும்பாலும் தன் நிலத்தின் நடுவே தனியாக நிற்பது. அதைப் பெயர்த்து இன்னொரு மரக்கூட்டத்துக்கு நடுவே வைத்தால் அதன் பொருளில் பாதியாவது கூடவே வந்துவிடும். நம் கேரள வீடுகளும் சொந்தப் பறம்பில் தனித்து நிற்பவைதான். முட்டுக்காட்டில் கேரளப் பகுதி மட்டும் பொய்யாகத் தோன்றாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு வீடு அப்படிப்பட்டதல்ல. அது தெருவின் ஒரு துண்டு. அக்கிரகாரத்து வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவும் கட்டுகளும் தாண்டி, அடுத்த தெருவில் பின்வாசலைத் திறக்கும்; முன்தெருவில் மாப்பிள்ளை அழைப்பு வரும், பின்தெருவில் வேலைக்காரர்கள் வந்துபோவார்கள். எந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்தத் தெருவுக்குள் யார் நுழையலாம், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தக் கிணறு யாருக்கு என்பதெல்லாம் மனை பிரிக்கும்போதே முடிவானவை. நம் ஊரின் வரலாறு சுவரில் இருப்பதைவிட இரண்டு தெருக்களுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளியில்தான் அதிகம் இருக்கிறது. அருங்காட்சியகம் சுவரை எடுத்துக்கொண்டு இடைவெளியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

தட்சிணசித்ராவில் நடந்து பாருங்கள். செட்டியார் வீட்டிலிருந்து இறங்கினால் விவசாயி வீடு, அங்கிருந்து குயவர் வீடு, நெசவாளர் வீடு, திருநெல்வேலிப் பக்கத்து ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகாரம் என எல்லாம் சில நிமிட நடைக்குள். எங்கும் தடை இல்லை, யாரும் நிறுத்துவதில்லை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளைகள் காலால் கற்றுக்கொண்டு போவது இந்தத் தடையில்லாத நடையைத்தான். இப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை. பொதுத்தெருக்களிலும் பொதுக்கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே ஆண்டில் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய சாலையில் நடப்பதற்காகவே மக்கள் சிறைக்குப் போனார்கள். நடப்பதற்காகப் போராடிய மண்ணில், அந்த நடை எப்போதும் இலவசமாகக் கிடைத்ததுபோல் ஓர் அருங்காட்சியகம் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய இடம், தமிழரின் விருந்தோம்பலுக்குச் சாட்சி என்று இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த வழிப்போக்கர்? திண்ணையில் உட்காரத்தக்கவர் ஒரு வகை, அதன் கீழே தெருவில் நின்றபடியே பேசிவிட்டுப் போக வேண்டியவர் இன்னொரு வகை, அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவர் மூன்றாம் வகை. திண்ணை அந்த மூன்றையும் அளந்து வைத்த இடம். அக்கிரகாரத்தின் கொல்லைப்பக்கச் சந்தும் அப்படித்தான்: கழிப்பிடத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர் முன்தெருவைத் தொடாமல் வந்துபோக வைத்த வழி. வீடு மட்டும் வண்டியேறும்போது திண்ணை அழகான மேடையாகிவிடுகிறது, சந்து காணாமலே போகிறது. பார்க்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்.

பெயர்த்தெடுக்கும் எந்த அருங்காட்சியகத்துக்கும் இந்தக் குறை தவிர்க்க முடியாதது என்று சிலர் வாதிடலாம். வேல்ஸில் 1948-இல் திறந்த செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மெர்தர் டிட்ஃபில் நகரத்து ரிட்-இ-கார் என்ற இடத்திலிருந்து, இரும்புத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஆறு வீடுகளை வரிசை குலையாமல் தோட்டங்களோடு கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டை 1805-இல் இருந்தபடியும் அடுத்தடுத்த வீடுகளைப் பிந்திய காலங்களுக்கு ஏற்பவும் அமைத்து, கடைசி வீட்டை 1985-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வறுமை, நெரிசல், மெல்ல வந்த வசதி எல்லாம் அந்த ஒரு வரிசையில் தெரியும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்து டென் காம்லே பூ அருங்காட்சியகம், 1970-களில் பிழைக்க வந்த துருக்கித் தொழிலாளர்களின் குடியிருப்பையும் வரலாறாக ஏற்றுக் காட்டுகிறது. தங்கள் நாட்டின் கூலிகளையும் வந்தேறிகளையும் அவர்களால் காட்ட முடிகிறது. பறையர் குடிசையும் சக்கிலியர் குடிசையும் ஊரிலிருந்து எத்தனை தூரத்தில் இருந்தன என்பதை நாம் ஏன் காட்டக்கூடாது? மண்சுவரும் பனையோலையும் நிலைக்காமல் போகலாம், தூரத்தைக் காட்ட நிலம் போதும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. இனி ஒரு வீட்டைக் கழற்றுமுன் அதன் தெரு முழுவதையும் அளந்து வரைந்து, அங்கே வாழ்ந்தவர்களையும் அங்கே நுழைய முடியாதவர்களையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். முட்டுக்காட்டு அக்கிரகாரத்தின் முன் 1924-ஐப் பற்றிய பலகை ஒன்று, உள்ளே நுழைகிற பிள்ளையின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். சேரிக்கு வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட வேண்டும், ஊரிலிருந்து தள்ளி, உண்மையில் இருந்ததுபோலவே. இவை நடக்கும்வரை அங்கே இருப்பது அழகான பழைய வீடுகளின் தொகுப்பு. தென்னாட்டு மக்கள் வாழ்ந்த விதத்தைக் காட்டுவதாக அது சொல்லிக்கொள்ள முடியாது.