அன்றாடத்தில் இறைமுன்னிலை: வேதநாயக சாஸ்திரியாரின் தொழில்சார் பாடல் வடிவங்களும் அவற்றின் எல்லையும்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியங்களை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் ஆராயப்பட்ட அளவிற்கு, உழைப்போடும் தெருவோடும் தொடர்புடைய பாடல் வடிவங்களில் அமைந்த கிறித்தவப் படைப்புகள் ஆராயப்படவில்லை. ஆயின், இறைவன் ஆலயத்தில் மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் உடனிருக்கிறான் என்னும் கிறித்தவ உணர்வைக் காண விழையும் ஆய்வாளர் முதலில் நாட வேண்டியவை இவ்வடிவங்களே ஆகும்.

இவ்வகையில் முதன்மை பெறுபவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). ஏற்றமிறைப்போர் பாட்டையும், தச்சர் தொழிலையும், குறத்தியின் குறிகூறலையும் மறைப்பொருளுக்குரிய கலன்களாக ஆக்கிய இவரே, 1829ஆம் ஆண்டையொட்டி எழுந்த பூசலில் ஆலயத்திற்குள் சாதி வேறுபாட்டைப் பேணும் தரப்பில் நின்று வாதாடினார். இவ்விரண்டும் ஒருவரிடத்தே அமைந்தமை தற்செயலா, அன்றி ஒரே கொள்கையின் இரு விளைவுகளா என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறைமுன்னிலை: கொள்கைப் பின்னணி

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பது பல சமயங்களுக்கும் பொதுவான கொள்கை. ‘இறைமுன்னிலை’ என இங்குக் குறிக்கப்படுவது அதனினும் நுட்பமானது. எங்கும் நிறைந்தவனை, செய்துகொண்டிருக்கும் தொழிலின் நடுவே, எதிரில் இருப்பவனாக உணர்ந்து விளித்துப் பேசும் நிலையே அது. இலக்கணத்தார் தன்மை, முன்னிலை, படர்க்கை என வகுத்த மூவிடங்களுள், படர்க்கையில் அறியப்பட்ட இறைவன் முன்னிலைக்கு வருதல் எனலாம்.

மேலை நாட்டில் இவ்வுணர்வுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பெறுபவர் சகோதரர் லாரன்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கார்மெல் துறவு மடத்தின் அடுக்களையில் பணிபுரிந்த இவர், சமையல் வேலைக்கும் செபத்திற்கும் வேறுபாடின்றி வாழ முயன்றவர். அவர் 1691இல் மறைந்த பின்னரே அவருடைய உரையாடல்களும் மடல்களும் தொகுத்து வெளியிடப்பட்டன. லூத்தரின் சீர்திருத்த மரபோ துறவியின் வாழ்வுக்கும் உழவன், கைவினைஞன் ஆகியோரின் வாழ்வுக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை என்றது. ஒவ்வொரு தொழிலும் பிறர்க்குப் பணி செய்ய இறைவன் விடுத்த அழைப்பே என்பது அதன் கொள்கை. சாஸ்திரியாரின் ஆசிரியராகிய சுவார்ட்ஸ் ஐயர் இம்மரபினர் என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சூழலில் இவ்வுணர்வு புதியதன்று. ஆழ்வார்களின் பாடல்களில் போற்றப்படும் இறைவனின் எளிவந்த தன்மை இதற்கு நிலம் பண்படுத்தியிருந்தது. பிற்காலத்தில் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி (1891 – 1975) கிறித்தவத்தைப் பக்தி நெறியாக விளக்கியபோது, உயிர்க்குள் உறையும் ‘அந்தர்யாமி’ என்னும் கருத்தை எடுத்தாண்டமையும் இந்நிலத்தில் நின்றேயாகும்.

சாஸ்திரியாரும் அவர் காலமும்

திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகர் இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் அதே ஆசிரியரிடம் பயின்றவர். அரசவைத் தொடர்பும் சபைத் தொடர்பும் ஒருங்கே வாய்த்தமையால், அவையில் வழங்கிய சிற்றிலக்கிய வடிவங்களும் வயலிலும் தெருவிலும் வழங்கிய பாட்டு வடிவங்களும் அவருக்குக் கைவந்தன. ‘சுவிசேடக் கவிராயர்’ எனச் சபையாரால் போற்றப்பட்ட அவர் பெத்லகேம் குறவஞ்சி, ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான உலா, செபமாலை முதலிய நூல்களை இயற்றினார்.

இந்நூற்பெயர்களுள் பலவற்றில் ‘ஞான’ என்னும் அடை முன்னிற்றல் நோக்கத்தக்கது. அவ்வடையை நீக்கினால் எஞ்சுவன ஏற்றம், தச்சு, நொண்டி, உலா என்னும் உலகியற் பெயர்களே. உலகியல் வடிவத்தைக் கைவிடாமல் அதன்மேல் ஒரு சொல்லை ஏற்றி, அதனை மறைப்பொருளுக்கு உரியதாக்கும் இம்முறை, அன்றாட வாழ்வின்மீது அவர் கொண்ட நம்பிக்கையைக் காட்டுகிறது.

ஏற்றமும் எண்ணும்

கிணற்று நீரை இறைக்கும் ஏற்றத்தில், ஒருவர் ஏற்றமரத்தின்மீது முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றொருவர் கீழே நின்று சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். இறைத்த சால்களின் எண்ணிக்கை பாட்டின் அடிகளோடு சேர்த்து எண்ணப்படும். எனவே, ஏற்றப்பாட்டு களைப்பைப் போக்கும் பாட்டு மட்டுமன்று. வேலையின் கணக்கும் ஆகும். பாட்டு நின்றால் எண் தவறும். எண் தவறினால் பாய்ச்சிய நீரின் அளவு தெரியாது. ஏற்றக்காரன் பாதியில் நிறுத்திய அடியின் எஞ்சிய பகுதியைக் கேட்கக் கம்பர் மறுநாள்வரை காத்திருந்தார் என வழங்கும் செவிவழிக் கதை, இப்பாட்டின் கவித்துவத்தைப் புலமையுலகமும் ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும்.

இவ்வடிவத்தைச் சாஸ்திரியார் தேர்ந்தமையின் சிறப்பை மூன்று நிலைகளில் காணலாம். முதலாவது, காலம். ஏற்றப்பாட்டிற்குத் தனியே ஒதுக்கப்பட்ட வழிபாட்டு நேரம் இல்லை. வேலை நேரமே அதன் நேரம். இரண்டாவது, உடல். கால் மிதிக்க, கை பிடிக்க, வாய் பாடுகிறது. உள்ளம் மட்டும் ஒதுங்கிச் செய்யும் தியானமாக அது அமைவதில்லை. மூன்றாவது, கூட்டு. லாரன்ஸின் அடுக்களைச் செபம் தனியொருவரின் மௌனத்தில் நிகழ்வது. ஏற்றமோ ஒருவரால் இறைக்க இயலாதது. உடன் உழைப்பவரின் குரலும் கையும் இல்லாமல் பாட்டும் இல்லை, நீரும் இல்லை. மேலைத் துறவு மரபின் தனிமையிலிருந்து தமிழ் உழவு மரபின் இறைமுன்னிலை வேறுபடும் இடம் இதுவே.

தமிழில் நீர் ‘இறைத்தல்’ என்னும் சொல்லும் ‘இறை’ என்னும் சொல்லும் ஒலியால் ஒன்றுபடுகின்றன. இதைச் சொற்பிறப்பு உறவாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், மறைப்பொருள் தாங்கிய ஏற்றப்பாட்டைக் கேட்கும் தமிழ்ச்செவிக்கு அவ்வொலியொப்புமை தரும் நயம் ஒதுக்கத்தக்கதன்று.

குறத்தியின் வாயில் மறைமொழி

பெத்லகேம் குறவஞ்சி, குற்றாலக் குறவஞ்சி முதலியவற்றின் அமைப்பைப் பின்பற்றுவது. தலைவி தேவமோகினி கிறித்துவின்மீது காதல் கொள்ள, குறத்தி வந்து கைபார்த்துக் குறி கூறுகிறாள். பிற குறவஞ்சிகளில் பறவை பிடிக்கும் சிங்கனின் தொழில், இதில் ஆன்மாக்களை இறைவனிடம் சேர்க்கும் பணிக்கு உருவகமாகிறது.

குறிகூறலைத் திருச்சபை பொதுவாக ஏற்பதில்லை. அங்ஙனமிருக்க, நிலையான வீடும் நிலமும் இல்லாத, ஊர் ஊராகச் சுற்றும் ஒருத்தியின் வாயிலேயே நற்செய்தியை வைத்தமை துணிவுடைய செயலாகும். இறைவனின் செய்தி குருவானவரின் பீடத்திலிருந்து அன்றி, தெருவில் கூடையோடு வருபவளிடமிருந்து வரக்கூடும் என்னும் குறிப்பு இங்கு அமைந்துள்ளது. பெருவுடையாரைப் பாடுமாறு மன்னர் விரும்பியபோது கவிஞர் மறுத்தார் என வழங்கும் மரபுச் செய்தியோடு இதனை ஒப்பிடல் தகும். தெய்வத்தின் பெயரில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வடிவத்திலோ எதையும் விலக்கவில்லை.

எல்லை: 1829ஆம் ஆண்டுப் பூசல்

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்த பின், தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிமார் சபை வழக்கங்களைத் திருத்த முற்பட்டனர். அவர்களுக்கு எதிராகச் சாஸ்திரியார் எழுப்பிய குறைகள் நான்கு: வழக்கிலிருந்த வேதமொழிபெயர்ப்பை மாற்றியது, சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க வற்புறுத்தியது, மணவினையிலும் இறப்பிலும் மலர்களை விலக்கியது, தமிழிசைப் பாடல்களைத் தடுத்தது. சாதியைத் திருத்த முயல்வதன் பேதைமையை எடுத்துரைப்பதாக அவர் தனி நூலும் எழுதினார். சாதி உலகியல் ஒழுக்கமே, சமயத்தைச் சார்ந்ததன்று; ஆதலால் கிறித்தவன் அதனைப் பேணுவதில் பிழையில்லை என்பது அவர்தம் வாதத்தின் சாரம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடுகளைச் சபைகளிலிருந்து முற்றாக நீக்குமாறு சுற்றுமடல் விடுத்தார்.

நான்கு குறைகளையும் ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மலருக்கும் இசைக்கும் பழகிய மொழிக்கும் அவர் வாதாடியது, தமிழரின் அன்றாட வாழ்வு இறைவனுக்கு உகந்த இடம் என்னும் நம்பிக்கையால் ஆகும். அவற்றில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை வரலாறு காட்டிற்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. ஆனால், அதே நம்பிக்கையே ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தையும் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகக் கொண்டு காத்தது. வழக்கம் முழுமையும் இறைவனின் உறைவிடம் எனக் கொண்டால், வழக்கத்திற்குள் இருக்கும் கொடுமையும் அவ்வுறைவிடத்தில் இடம்பெற்றுவிடும். எனவே, வினா ‘அன்றாடத்தில் இறைவன் உண்டா’ என்பதன்று. ‘எவருடைய அன்றாடத்தில்’ என்பதே.

இவ்வினாவோடு ஏற்றப்பாட்டிற்குத் திரும்பினால், முன்னர்த் தோன்றாத ஓர் இடைவெளி தென்படும். பாட்டின் வடிவம் ஏற்றம் மிதிப்பவருடையது. பாட்டை இயற்றியவர் ஏற்றம் மிதித்தவரல்லர். உழைப்பாளியின் குரலை இறைமுன்னிலைக்குக் கொண்டுசென்ற கவிஞர், அவனை இறைவனின் பந்தியில் தம்மருகே அமர்த்தும் முயற்சியை எதிர்த்தார். லூக்கா நற்செய்தியில், எம்மாவு செல்லும் வழியில் சீடரோடு நடந்த அந்நியர் யார் என்பது வழிநடைப் பேச்சில் தெரியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதே தெரிந்தது. இறைமுன்னிலை புலப்படும் இடமாக நற்செய்தி காட்டும் அப்பந்தியே, சாஸ்திரியாரின் கொள்கை இடறிய இடமாகவும் அமைந்துவிட்டது.

பெங்களூருவில் ஒரு மறுவாசிப்பு

சாஸ்திரியாரின் கையெழுத்துப் படிகள் பல, 1910இல் நிறுவப்பட்ட பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இடம்பெற்றுள்ளன. சாதி குறித்த எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். அதே கல்லூரியில் 1981இல் அர்விந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சாதியைக் காக்க எழுதப்பட்ட ஏடுகள் அடங்கிய வளாகத்திலேயே, சாதியால் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வே இறையியலின் தொடக்கம் என்னும் குரலும் எழுந்தது. மேலும், 1809இல் படைக்குடியிருப்பு அமைந்தபின் தமிழ்ப்பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய உழைக்கும் மக்களின் வழிவந்தோர் வாழும் நகரம் பெங்களூரு. சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அங்குள்ள தமிழ்ச் சபைகளிலும் பாடப்படுகின்றன. பாடுவோர் எவர் என்பது மாறும்போது பாட்டின் பொருளும் விரிவடைகிறது.

இம்மறுவாசிப்பைப் படைப்பு நிலையில் நிகழ்த்தியவர் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த ஜே. தியாப்பிலஸ் அப்பாவு (1940 – 2005). பறட்டை என்னும் பெயரால் அறியப்பட்ட இவர், கிராமிய இசையில் வழிபாட்டு முறையை அமைத்தார். இறைவனை ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ வரையறுக்காமல், ‘பெத்தவரே’ எனப் பேச்சுவழக்கில் விளித்தார். முன்னிலை என்பதன் பொருள் இவ்விளியில் முழுமை பெறுகிறது. வீட்டில் வழங்கும் சொல் அவ்வாறே வழிபாட்டுச் சொல்லாகிறது. அவர் வலியுறுத்திய ‘ஒரு உலை’ என்னும் கருத்தில், அனைவரின் அரிசியும் ஒரே பானையில் வெந்து, அனைவராலும் சேர்ந்து உண்ணப்படுகிறது. எவர் அரிசி எது எனப் பிரித்தறிய இயலாத அச்சோறு, திருவிருந்தின் பொருளை விளக்கும் உரையாகிறது.

சாஸ்திரியார், அப்பாவு ஆகிய இருவரும் நாட்டார் வடிவத்தைக் கையாண்டனர். முன்னவரிடத்தில் அன்றாடத் தொழில் மறைப்பொருளுக்கு உருவகம். பின்னவரிடத்தில் அன்றாட உணவே மறைப்பொருள் நிறைவேறும் இடம். உருவகத்தில் ஏற்றக்காரன் குறியாக மட்டும் நிற்கலாம். உலையைச் சுற்றியோ அவன் உண்பவனாக அமர்ந்தாக வேண்டும்.

முடிவுரை

அன்றாடத் தொழிலையும் தெருவின் மொழியையும் இறைமுன்னிலைக்குரியனவாக ஏற்ற வகையில் சாஸ்திரியார் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்திற்கு ஆற்றிய பணி அடிப்படையானது. அவர் வகுத்த வழியின்றி அப்பாவுவின் வழிபாட்டிசைக்குரிய நிலமும் உருவாகியிராது எனலாம். அவருடைய சாதிச் சார்பைக் காட்டி அவர்தம் பாடல்களைத் தள்ளுவதும், பாடல்களின் இனிமையைக் காட்டி அச்சார்பை மறைப்பதும் ஆய்வறமாகா. அவருடைய பாடல் வடிவங்களே அவருடைய வாதத்திற்கு மறுப்பாக நிற்பதைக் காண்பதே பொருத்தமுடையது. ஏற்றம் இருவர் கூடினாலன்றி இயங்காது. இறைக்கும் நீரும் இன்னார் கையால் வந்தது எனப் பிரித்துப் பாய்வதில்லை. அன்றாட வாழ்வில் இறைவனை உணர்ந்ததற்கு அளவுகோல், அவ்வுணர்வு அருகிலிருப்பவனுக்குப் பந்தியில் இடம் தருகிறதா என்பதே ஆகும்.