கத்தரிக்காய்க்கு எத்தனை நிறம்?

கத்தரிக்காய் வரைய ஊதா பென்சில் ஒன்று போதும் என்றுதான் தோன்றும். தீட்டிப் பார்த்தால் காய் பிளாஸ்டிக் பொம்மை மாதிரித் தட்டையாக நிற்கும். கலர் பென்சிலின் அழகே அடுக்குவதில் இருக்கிறது. முதலில் அழுத்தாமல் மெல்லிய சிவப்பு, அதன்மேல் நீலம், பிறகுதான் ஊதா. அடியில் இருக்கும் சிவப்பு மேலே கசிந்து தெரியும்போது காய்க்கு உயிர் வந்துவிடும். நிழல் பக்கத்துக்குக் கறுப்பைத் தேட வேண்டாம்; கரும்பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் இருட்டுக்கு ஆழம் கூடும்.

இத்தனை அடுக்கையும் தாங்குவது தாளின் சொரசொரப்பு. அவசரப்பட்டு அழுத்தினால் அந்த நுண்ணிய மேடுபள்ளம் நிரம்பி வழுவழுப்பாகிவிடும். அடுத்த நிறம் ஒட்டாது. பென்சிலுக்குப் பென்சில் குணமும் மாறும். 1908இல் வந்த ஃபேபர்-காஸ்டெல் பாலிக்குரோமோஸ் எண்ணெய் சேர்ந்தது, கூர் நிற்கும். 1938இல் வந்த பிரிஸ்மாகலர் மெழுகு, வெண்ணெயாக இழையும். ஆனால் கனமாக ஏற்றினால் நாள்பட வெண்படலம் பூக்கும்.

தோலில் மின்னும் அந்த வெளிச்சக் கீற்று மட்டும் எந்தப் பென்சிலிலும் கிடையாது. அது தொடாமல் விட்ட வெறும் தாள். அதற்கான இடத்தை முதல் சிவப்பு போடும்போதே ஒதுக்கிவிட வேண்டும். கடைசியில் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்து அதை மீட்க முடியாது.