புள்ளி வைத்தவர் யார்?

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. அதன் மேல் பிறர் தகவலை ஏற்றுவதற்கான வழியை கூகுள் அப்போது இன்னும் திறந்துவிடவில்லை. அதற்குள் பால் ரேட்மேக்கர் என்ற நிரலாளர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வாடகை வீட்டு விளம்பரங்களை அந்த வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துக் காட்டினார். மே மாதம் ஏட்ரியன் ஹோலோவாட்டி என்ற மற்றொரு நிரலாளர், சிகாகோ காவல்துறை வெளியிட்டு வந்த குற்றப் பதிவுகளை அதேபோல் வரைபடத்தில் ஏற்றினார். பதிவுகள் முன்பே பொதுவில் இருந்தவைதான். ஆனால் தன் தெருவில் என்ன நடந்தது என்பதை ஒருவர் இப்போது ஒரே பார்வையில் எளிதாக அறிய முடிந்தது. 'மாஷ்அப்' எனப்படும் இந்தக் கலவை வரைபடங்களின் பலம் இதுவே: அலுவலகக் கோப்பில் உறங்கும் தகவலைக் குடிமகனின் வாசலுக்குக் கொண்டுவருகின்றன. இதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம்.

கோளாறு, முகவரி புள்ளியாக மாறும் இடத்தில் தொடங்குகிறது. காவல்நிலையம் எழுதிவைப்பது தெருப்பெயரும் கதவிலக்கமும். வரைபடம் கேட்பதோ அட்சரேகையும் தீர்க்கரேகையும். ஒன்றை மற்றொன்றாக்கும் ஜியோகோடிங் நிரலுக்குச் சில முகவரிகள் பிடிபடுவதில்லை. அப்போது அது 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால் தொல்லையில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. இடம் பிடிபடாத குற்றங்களையெல்லாம் நகர மண்டபத்துக்கு அருகே ஒரே புள்ளியில் குவித்தது. நகரின் பயங்கரமான இடங்களுள் ஒன்றாக அந்த இடம் தோற்றமளித்தது. 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் இதைக் கண்டுபிடித்து எழுதியது. அதற்குள் ஹோலோவாட்டியின் அடுத்த முயற்சியான எவ்ரிபிளாக் தளமும் காவல்துறையின் தகவலை எடுத்துப் பயன்படுத்தியிருந்தது. மூலத்தில் இருந்த பிழை அப்படியே அங்கும் குடியேறியது.

அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கண்ணில் படும். வரைபடத்திலோ உறுதியான தகவலும் உத்தேசமும் ஒரே நிறப் புள்ளியாக நிற்கின்றன. பல மூலங்களைக் கலக்கும்போது இது இன்னும் மோசமாகிறது. ஒன்று நேற்றையது, மற்றொன்று போன வருடத்தது. ஒன்று அரசுப் பதிவு, மற்றொன்று யாரோ தட்டியது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றே.

புள்ளி இல்லாத இடமும் ஏமாற்றலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில் உருவான ஒரு வரைபடத்தில் மக்களே நீர் தேங்கிய தெருக்களைக் குறித்தார்கள். நான் மதிக்கும் முயற்சி அது. ஆனால் நகரின் பல பகுதிகளில் அப்போது மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. மிக மோசமாக மூழ்கிய தெருவே குறிக்கப்படாமல் போயிருக்கலாம். அங்கே குறியில்லாத தெரு என்றால் தண்ணீரில்லாத தெரு என்று பொருளல்ல.

இந்தக் குறைகளுக்காக இந்த வரைபடங்களே வேண்டாம் என்பது அறியாமை. உருவாக்குபவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் மூலமும் தேதியும் காட்டட்டும். இடம் பிடிபடாதவற்றைத் தனியே எண்ணிக்கையாக எழுதட்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. இவை இல்லாத வரைபடத்தை நம்பி வீடு பார்க்கவோ, ஒரு பேட்டைக்குக் கெட்ட பெயர் சூட்டவோ வேண்டாம்.