இரட்சணிய யாத்திரிகத்தில் தன்னாய்வு: ஒரு திறனாய்வு நோக்கு

தம் சமய நம்பிக்கையைத் தாமே ஆராய்ந்து நோக்குதல் கிறித்தவ இலக்கியத்தின் தொன்மையான பாடுபொருள்களுள் ஒன்றாகும். கி.பி. 387இல் திருமுழுக்குப் பெற்ற புனித அகுஸ்தீனார், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து 'ஒப்புதல்கள்' என்னும் தன்வரலாற்றை எழுதத் தொடங்கினார். அதன் பத்தாம் பகுதியில், உணவின் மீதும் பிறர் புகழ்ச்சியின் மீதும் தமக்கு இன்னும் எஞ்சியிருக்கும் பற்றினை அவர் மறைக்காமல் எடுத்துரைக்கின்றார். சமயம் மாறியதோடு தன்னாய்வு முடிந்துவிடுவதில்லை என்பது இதனால் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தை (1894) ஈண்டு நோக்குவோம்.

நெல்லை வைணவ வேளாளர் குடியில் தோன்றிய கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் இக்காப்பியம் வெளிவந்தது. கம்பனின் சாயல் இதில் மிகுதி என்பது பலரும் எடுத்துக்காட்டிய ஒன்று. ஆயின், ஆசிரியர் தம் நம்பிக்கையை எவ்வாறு ஆராய்ந்தார் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை.

காப்பியத்தின் மூலமான ஜான் பனியனின் உருவக நூலில் (1678) அகப்போராட்டங்கள் புறத்தே மாந்தராகவும் இடங்களாகவும் உருப்பெறுகின்றன. ஐயம் ஒரு கோட்டையாகின்றது. பயணி அதனுள் சிறைப்படுகின்றான். திறவுகோலோ தொடக்கமுதல் அவன் மார்பிலேயே இருக்கின்றது. ஐயத்திற்கு உருவம் தருவதால் அதனைக் கற்போர் தெளிவாகக் காண இயலுகின்றது. எனினும், கோட்டையைக் கடந்தவுடன் ஐயமும் கடந்துபோனதாக ஒரு தோற்றம் எழுகின்றது. உருவகத்தின் இந்த ஆற்றலும் எல்லையும் கிருஷ்ணபிள்ளையையும் சார்ந்தே வருகின்றன.

இவ்வெல்லையை ஆசிரியர் தாம் இடையிடையே அமைத்த தேவாரங்களால் கடக்க முயல்கின்றார் எனலாம். கதை படர்க்கையில் நடக்க, தேவாரம் தன்மையில் பேசுகின்றது. இங்கு ஒரு சிக்கல் தோன்றுகின்றது. தன்னை இழித்துக் கூறும் நைச்சியம் வைணவ மரபில் வேரூன்றியது. ஆசிரியர் இளமையிலேயே அறிந்தது. தான் கடைப்பட்டவன் எனப் பொதுவாகப் பாடுவதற்கு மரபு சொற்களைத் தருகின்றது. குறிப்பிட்ட ஒரு குற்றத்தைச் சுட்டி ஒப்புக்கொள்வதற்கு அவ்வுதவி கிட்டாது. அகுஸ்தீனார் தம் இளமையில் பேரிக்காய் திருடியதை ஆராய்வதுபோன்ற தனிக்குறிப்பைத் தேவாரத்தில் எதிர்பார்ப்பதற்கில்லை.

பொதுமையே பத்திப் பாடலின் இயல்பு என்றும், பாடுவோர் எவரும் தம் குற்றத்தை அதனுள் வைத்துப் பாட அது இடந்தருகின்றது என்றும் மறுத்துரைக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆகவே வழிபாடு என்னும் நிலையில் தேவாரங்கள் நிறைவுடையன. தன்னாய்வு என்னும் நிலையில் அவை தொடக்கமே என்பது நம் கருத்து.

ஆயினும், ஆசிரியர் வெளிப்படக் கூறாததை நூலின் வடிவம் கூறுகின்றது. கம்பனின் விருத்தநடையும் நைச்சியமும் தேவாரம் என்னும் பெயரும் அவர் துறந்துவந்த சமயச் சூழலிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் பெற்றவை. எதனைத் துறந்தோம், எதனைத் துறக்க இயலவில்லை என்பதே சமயம் மாறியவர் தம்மைக் கேட்க வேண்டிய கடினமான வினா. கிருஷ்ணபிள்ளை அதற்குக் கருத்தளவில் விடை கூறவில்லை. யாப்பிலும் மொழியிலும் விடை தந்துள்ளார். இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கம்பனின் தாக்கத்தை வெறும் அணிநலமாகக் காட்டாது, இவ்வினாவோடு இணைத்துக் காட்டுவாராயின், மாணவர் அதனை ஒரு மனிதரின் நேர்மையான தேடலாகவும் கற்பர்.