சாய்ந்த புகைபோக்கி: பிரித்துக் கட்டினால் போதுமா?

இங்கிலாந்தின் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள் பலவற்றில், கூரைக்கு மேலே புகைபோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கொத்தனாரை அழைத்தால் பெரும்பாலும் ஒரே தீர்வுதான் சொல்வார்: கூரை மட்டம்வரை பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. இந்த முறைக்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் காரணம் தேடாமல் கையாண்டால், செலவழித்த பின்னும் கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். சாய்வுக்கு அடிக்கடி காரணமாவது சல்பேட் தாக்குதல். நிலக்கரிப் புகையின் கந்தக உப்புகள் ஈரத்தோடு சாந்துக்குள் ஊறி, சிமெண்டில் உள்ள அலுமினேட்டோடு வினைபுரிகின்றன. அதனால் சாந்து உப்புகிறது. அதிகம் நனைந்து மெதுவாகக் காயும் பக்கம் கூடுதலாக உப்புவதால், புகைபோக்கி எதிர்ப்பக்கம் வளைகிறது. இப்படிக் கெட்ட சாந்தின்மேல் புதுச் சாந்து பூசிப் பயனில்லை. இரும்புப் பட்டை போட்டு இறுக்கினாலும் உள்ளே வினை நிற்காது. பிரித்துக் கட்டுவதுதான் சரி. தாங்கல் இல்லாத புகைபோக்கியின் உயரம் அதன் குறுகிய அகலத்தைப்போல் 4.5 மடங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டி. உயரமும் ஒல்லியுமான பழைய புகைபோக்கிகளைத் திரும்பக் கட்டும்போது இந்த அளவுக்குள் கொண்டுவரவும் முடிகிறது.

குறை தொடங்குவது நோட்டத்தில். உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கூரைக்கு மேலே மட்டும் வில்லாக வளைந்து, ஒரு முகத்தில் படுக்கைவாட்டு இணைப்புகள் தடித்து நடுவே கீறியிருந்தால், அது சல்பேட்டின் வேலை. வெளிச்சுவரை ஒட்டித் தரையிலிருந்தே எழும் புகைபோக்கி நேராகவே சாய்ந்து, சுவருக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி மேலே போகப் போக அகன்றால், கோளாறு அஸ்திவாரத்தில் இருக்கிறது. அங்கே மேல்பகுதியை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அறையை அகலப்படுத்த யாரோ கீழ்ப்பகுதியை இடித்துவிட்டு, மேலே உள்ள பாரத்துக்குத் தக்க தாங்கல் தராமல் விட்டிருப்பதும் உண்டு. பரணில் ஏறிப் பார்க்காமல் இது தெரியவராது. நெடுங்காலமாக அசையாத சிறு சாய்வும் உண்டு. விரிசலின் குறுக்கே அளவுகோல் பொருத்திச் சில பருவங்கள் கவனித்தால், அதைத் தொடவே வேண்டாம் என்றுகூடத் தெரியலாம்.

அடுத்த குறை ஈரத்தை மறப்பது. 1965-க்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் புகைவழிக்கு உள்குழாய் கிடையாது. அதில் எரிவாயுக் கொதிகலனை இணைத்தால், நீராவி குளிர்ந்த செங்கலில் படிந்து பழைய கரியின் உப்புகளைக் கரைக்கிறது. உள்குழாய் போடாமல் கட்டினால் புதுச் சாந்துக்கும் அதே கதிதான். பயன்படாத புகைவழிக்கு மழை புகாத, காற்றுப் புகும் மூடி தேவை. கீழேயும் காற்றுத் துளை வேண்டும். மென்மையான பழைய செங்கலைக் கடினமான சிமெண்டில் கட்டுவதும் தவறு. ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் செங்கலே உதிரத் தொடங்கும்.

எனவே பிரித்துக் கட்டும் முறை நல்ல முறைதான். நோட்டம் பார்க்காமல் அதில் இறங்குவதுதான் கெடுதல். சாரம் கட்டுமுன் வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று: சாய்வின் காரணம், அதற்கான அடையாளம், ஈரத்தைத் தடுக்கும் வழி. இம்மூன்றும் இல்லாத மதிப்பீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஏற்கக் கூடாது.